கயிற்றைப் பிடித்து நிற்பவன்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், கச்சிராயபாளையம், மேலே கரியாலூர், வெள்ளிமலை வரைக்கும், டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்து வளர்ந்த என் வயதொத்த அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,



போன காணும் பொங்கலன்று கோமுகி அணைக்கரையில் நாம் பதினைந்து பேர் போல உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் கரும்புத் தோகையை இழுத்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் ஹார்டி சகோதரர்களும் டட்லி ஜோடியும் கடைசியாக ஒருமுறை மோதிக்கொண்டதைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். அதோடு இருபத்தைந்து வருடம் கரைந்து போனது. மேசை உடைந்தது, ஏணி சாய்ந்தது, நாற்காலி வளைந்தது என்று ஆளுக்கொரு ஞாபகம். முடிவில் ஒருவர், "அந்தக் காலத்து டேக் டீம் மாதிரி இனிமே வராதுடா" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தலையாட்டல் உறுத்தியது. நாம் இழந்தது உண்மைதான். ஆனால் இழந்த பொருள் எது என்பதில் நம் பேச்சு தடம் மாறிவிட்டது என்று தோன்றியது. அணைக்கரையில் எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு முதலில் வந்தது மாமா வீட்டுக்கு. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் பருவத்தில், தெருவே வெல்லப்பாகு வாசம் அடிக்கும். அந்த வாசத்தோடுதான் எனக்கு அண்டர்டேக்கரும் கேனும் ஞாபகம் வருகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. உள்ளே பதினைந்து பேர், நிலைப்படியில் நாலு பேர், சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பத்துப் பேர். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று சத்தியம் செய்கிறவன் ஒருவன் எல்லாத் தெருவிலும் இருந்தான். எங்கள் தெருவிலும் இருந்தான். வர்ணனை யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து என் நண்பன் வருவான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க இறங்கி வந்தவன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன் (கேரளத்து மலையாளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை என்பது உங்களுக்குத் தெரியும், இந்த மடல் வெளியூர்க்காரர் கையிலும் கிடைக்கலாம் என்பதால் சொல்கிறேன்). அவன் ஊரில் அப்போது டிவி கிடையாது. விடுதியில் இருந்தது, ஆனால் கேபிள் இல்லை. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்து வருவான். வரும்போது டவுசர் பையில் மூன்று கடுக்காயோ ஒரு துண்டு பலாச்சுளையோ இருக்கும். பள்ளிக்கூட மணலில் ஜோடி பிரித்து விளையாடும்போது எனக்கு அவன்தான் ஜோடி. வேறு யாரையும் நான் கேட்டதில்லை.

எங்கள் ஆயாவும் எங்களோடு உட்கார்ந்து பார்க்கும். பாக்கு இடித்துக்கொண்டே பார்க்கும். ஒரு நாள் ஹார்டி ஜோடியில் ஜெஃப் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். மேட் மூலையில், கயிற்றுக்கு வெளியே நிற்கிறான். ஆயாவுக்குத் தாங்கவில்லை.

"ஏன்டா, கூடப்பொறந்தவன் இந்த அடி வாங்குறான், இவன் அங்கயே நின்னு வேடிக்க பாக்குறானே? உள்ள போவக் கூடாதா?"

"போவக் கூடாது ஆயா. கை குடுத்தாதான் போவலாம்."

"அப்ப கையத்தான் நீட்டிக்கிட்டு நிக்கிறானே!"

"தொடணும் ஆயா. அந்தக் கயித்தப் புடிச்சிக்கிட்டே தொடணும்."

ஆயா பாக்கு உரலைக் கீழே வைத்தது. அதற்குப் பிறகு அது அடி வாங்குகிறவனைப் பார்க்கவேயில்லை. மூலையில் நிற்கிறவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பர்களே, ஜோடி மல்யுத்தத்தின் சூத்திரம் மொத்தமும் ஆயாவின் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. மூலைக் கம்பத்தில் ஒரு சின்னக் கயிறு கட்டியிருக்கும். வெளியே நிற்கிறவன் அதை விடக் கூடாது. கயிறு எட்டுகிற தூரம்தான் அவன் கை எட்டும் தூரம். உள்ளே ஒருவன் அடி வாங்கித் தவழ்ந்து வருகிறான். இன்னும் ஒரு சாண். காலைப் பிடித்து இழுத்துப் போய்விடுகிறார்கள். மறுபடியும் தவழ்கிறான். வெளியே நிற்பவன் பொறுக்க முடியாமல் உள்ளே பாய்ந்தால் நடுவர் அவனைத் தடுக்கத் திரும்புவார். அவர் முதுகுக்குப் பின்னால் எதிரிகள் இருவரும் சேர்ந்து அடிப்பார்கள். ஆக, உதவப் போனால் உபத்திரவம். நிற்பதைத் தவிர அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கெட்டவன் ஜோடி கையே தொடாமல், நடுவருக்குப் பின்னால் வெறுமனே கையைத் தட்டி ஓசை எழுப்பி ஆள் மாறிக்கொள்ளும். "கைய தட்டுனான்டா, குடுக்கலடா!" என்று சன்னலில் தொங்கியவர்கள் கத்தினார்கள். நல்லவன் ஜோடி நிஜமாகவே கை தொடும். அந்த நேரம் பார்த்து நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். செல்லாது, வெளியே போ என்பார். நாம் பட்ட ஆத்திரம் நினைவிருக்கிறதா? அந்த ஆத்திரத்துக்கு மேல் ஒரு கை வந்து விழும் ஓசைக்காகத்தான் அந்தப் பதினைந்து நிமிடமும் கட்டப்பட்டிருந்தது.

இதைக் கலையாகவே வளர்த்தவர்கள் நமக்கு முந்தியவர்கள். 1980களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ரிக்கி மார்ட்டனும் ராபர்ட் கிப்சனும் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஜோடி சேர்ந்தார்கள். இருவருமே பெரிய உடம்புக்காரர்கள் இல்லை. எதிரே மிட்நைட் எக்ஸ்பிரஸ். அவர்களுக்கு மேலாளராக, கையில் டென்னிஸ் மட்டையோடு ஜிம் கார்னெட். அடி வாங்குவது எப்போதும் மார்ட்டன்தான். முகம் வீங்கி, முடி முகத்தில் ஒட்டி, மூலையை நோக்கி அவர் தவழும்போது அரங்கில் பெண்கள் அழுதார்கள். ஜோடியில் ஒருவர் நெடுநேரம் அடி வாங்கித் தவிக்கும் பங்குக்கு, மல்யுத்தத் தொழிலில் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அடி கொடுத்துப் பேர் வாங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அடி வாங்கும் நேர்த்திக்காகத் தன் பெயரையே தொழில் சொல்லாக்கியவர் அவர்.

இதையெல்லாம் நான் பெரியவனான பிறகுதான் பார்த்தேன். முழுப் போட்டியாகப் பார்க்கும்போது ஆயா நினைவு வந்தது. அன்றைக்கு அது சொன்ன இன்னொன்றும் நினைவு வந்தது: "இது ஜராசந்தன் கதடா."

பாரதம் படிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும். பீமன் ஜராசந்தனை இரண்டாகக் கிழித்துப் போடுகிறான். கிழித்த உடம்பு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பீமன் களைத்துவிட்டான். கண்ணன் உள்ளே இறங்கவில்லை. அது பீமனின் மற்போர். ஓரமாக நின்று ஒரு புல்லை எடுத்து இரண்டாகக் கிழித்து, வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் மாற்றிப் போட்டுக் காட்டுகிறான். பீமனுக்குப் புரிந்துவிடுகிறது. கயிற்றுக்கு வெளியே நின்றவன் செய்த உதவி அது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, அமெரிக்காவில் எடுத்த ஒரு சண்டையை அரை நிமிடத்தில் புரிந்துகொண்டதற்குக் காரணம், அது விடிய விடியக் கூத்துப் பார்த்த உடம்பு.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அதெல்லாம் பொய்யிடா, சொல்லி வச்சு அடிச்சிக்கிறாங்க" என்று நம்மை மட்டம் தட்டியவர்கள் உண்டு. இன்றைக்கும் நம் மனைவிமாரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள், நாமும் கூச்சப்படுகிறோம். கூச்சம் எதற்கு? அது கேளிக்கைதான், விளையாட்டுப் போட்டி அல்ல என்று 1989இல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் அந்தச் சண்டைகளை நடத்திய நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பீமன் வேடம் கட்டியவர் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தலை முடிகிறாள். அப்போது அழுகிற பெண்களிடம் போய், இது மண்தானே என்று யாராவது கேட்பார்களா? முடிவு தெரிந்த கதைக்கு அழத் தெரிந்த ஊர் நம்முடையது. கூவாகமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, அணைக்கரைப் பேச்சுக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோர் உச்சம் என்று சொன்னது 2001 ஏப்ரல் 1 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடந்த ரெஸ்ஸில்மேனியாவின் மேசை, ஏணி, நாற்காலிச் சண்டை. ஹார்டி, டட்லி, எட்ஜ்–கிறிஸ்டியன், மூன்று ஜோடிகள். மேலே தொங்கும் பட்டத்தைப் பிடித்து ஜெஃப் ஹார்டி அந்தரத்தில் ஆட, எட்ஜ் ஏணியிலிருந்து பாய்ந்து அவரைத் தரையில் சாய்த்த காட்சி. எனக்கும் அது மறக்காது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டையில் கை கொடுப்பதே கிடையாது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கிறார்கள். மூலையில் யாரும் நிற்கவில்லை, கயிற்றுக்கு வேலையில்லை. நாம் டேக் டீமின் உச்சம் என்று கொண்டாடுவதில் டேக் இல்லை. அந்த ஆறு பேரும் அற்புதமான ஆட்டக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் அன்று செய்தது வேறொரு வித்தை. அந்த வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் மணலுக்குப் போனோம்.

அதனால் நடந்ததை உங்களில் இரண்டு மூன்று பேர் நேரில் பார்த்தவர்கள். 2002ஆம் வருடம், வைக்கோல் போர் அருகில். டட்லி ஜோடியின் அந்த அடி, ஒருவன் எதிராளியைத் தூக்கி முகங்குப்புற விட, மற்றவன் பாய்ந்து கழுத்தைப் பிடித்து இழுத்து விழுவது. தூக்கியவன் இன்னொருவன், கழுத்தைப் பிடித்தவன் நான், தூக்கப்பட்டவன் என் மலை நண்பன். "வைக்கோல் மேலதானே, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி அவனை ஒத்துக்கொள்ள வைத்ததும் நான்தான். வைக்கோல் நாங்கள் நினைத்ததைவிடச் சன்னமாகப் பரவியிருந்தது. காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. அரைப் பரீட்சையை இடது கையால் கிறுக்கி எழுதினான். அவன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதி வாசலில், என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிறது.

நம்மைப் போன்ற சிறுவர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் புல்டாக்ஸ் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் இரண்டாவது ரெஸ்ஸில்மேனியாவில் பட்டம் வென்றவர்கள். டேவி பாய் ஸ்மித் 39 வயதில் போனார். டைனமைட் கிட், பாய்ந்து பாய்ந்து முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டு, பிற்பாதி வாழ்க்கையைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2018 டிசம்பர் 5 அன்று, தன் அறுபதாவது பிறந்த நாளிலேயே இறந்தார். லீஜியன் ஆஃப் டூம் ஜோடியில் ஹாக் 46 வயதில், 2003இல். அனிமல் 60 வயதில், 2020இல். முகத்தில் சாயம் பூசி, தோளில் முள் கவசம் மாட்டி அவர்கள் இருவரும் நடந்து வரும்போது எதிரிகளோடு சேர்ந்து நாமும் நடுங்கியிருக்கிறோம். அனிமல் எதிராளியைத் தோளில் தூக்கி நிறுத்த, மேல் கயிற்றிலிருந்து ஹாக் பாய்ந்து வீழ்த்துவார். அதைச் செய்ய ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், அடி வாங்குகிறவருக்கு அவர்கள் இருவர் மேலும் எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று வைக்கோல் போர் நாளுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு சேர்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். உயரம், எடை, ரேங்க். எடை கேட்டால் யோகோசூனா சீட்டை வைத்திருப்பவன் ராஜா. எங்களிடம் இருந்த சீட்டுகளில் ஒரு சீட்டுக்கு ஓர் ஆள்தான். எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. யாரோடு சேர்ந்தால் அவன் யாராகிறான் என்பதற்கு எண் இல்லை. அந்த மலை போன்ற யோகோசூனா, 1995 ரெஸ்ஸில்மேனியாவில் ஓவன் ஹார்ட் என்ற சுறுசுறுப்பான சிறிய உருவத்தோடு ஜோடி சேர்ந்து பட்டம் வென்றார். ஒருவர் பாறை, ஒருவர் வெட்டுக்கிளி. சீட்டில் எழுத முடியாத ஏதோ ஒன்று அந்த இருவருக்கு நடுவில் ஓடியது. இருவருமே இளவயதில் போய்விட்டார்கள்: ஓவன் 1999 மே மாதம் அரங்கின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து, யோகோசூனா அடுத்த ஆண்டு, 34 வயதில்.

நம் அப்பாக்கள் காலத்திலும் இந்த ஏக்கம் இருந்தது. தாராசிங்–கிங்காங் என்று சொல்லும்போது அவர்கள் குரல் மாறும். சிங்கப்பூர், மலாயா கேளிக்கைப் பூங்காக்களில் பெயரெடுத்து, மதராஸ் வரை வந்து கூட்டம் சேர்த்த பெயர்கள் அவை. நேரில் பார்க்காதவர்கள்கூட அதைப் பார்த்தவர் சொல்லக் கேட்டிருந்தார்கள். "பெரிய தாராசிங்குனு நெனப்பு" என்று தெருவில் திட்டுவதற்கு ஒரு வாசகமே மிஞ்சியிருக்கிறது. நாங்கள் ஹார்டி, டட்லி என்று குதித்தபோது அப்பா உதட்டைப் பிதுக்கினார். ஆகவே, 'அந்தக் காலம்' என்று நாம் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பது என் எண்ணம்.

நிதானமாகப் பார்த்தாலும் சரிவு உண்மைதான். அதற்குப் பாதிக் காரணம் தொழிலை நடத்தியவர்கள். ஜோடி என்பதை, பின்னால் தனி ஆளாக ஏற்றிவிடப் போகிறவருக்கான படிக்கட்டாகவே பார்த்தார்கள். 1992இல் ஷான் மைக்கேல்ஸ் தன் கூட்டாளி மார்ட்டி ஜனெட்டியை உதைத்துக் கண்ணாடிச் சன்னலில் எறிந்து பிரிந்தது பெரும் காட்சி. அதற்குப் பிறகு எந்த ஜோடியைப் பார்த்தாலும், இவர்களில் யார் யாரை எப்போது எறிவார் என்று கேட்கப் பழகிவிட்டோம். 2009இல் இரண்டு டேக் டீம் பட்டங்களை ஒன்றாக்கினார்கள். ரெஸ்ஸில்மேனியா நாளில் நடந்த அந்தப் போட்டியை, முக்கிய நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே நடத்தி, நேரலையில் காட்டாமலே விட்டார்கள். மரியாதை அவ்வளவுதான்.

மீதிப் பாதிக் காரணம் நாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். மூலையில் நிற்பவனின் கை நீள்வதற்கு ஒரு கூட்டம் வேண்டும். "குடுடா, குடுடா" என்று முப்பது தொண்டைகள் கத்தினால்தான் அந்த ஒரு சாண் தூரம் ஒரு காதமாக நீளும். மாமா வீட்டில் அந்தக் கூட்டம் நாமாக இருந்தோம். 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. கேபிள் ஏறாத மலை ஊர்களுக்கும் பின்னாலேயே டிஷ் போனது. அது நல்ல காரியம். என் நண்பனின் அம்மா முதன்முதலாகத் தன் வீட்டிலேயே படம் பார்த்தார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாமா வீட்டுச் சன்னல் காலியானது. பிறகு கைபேசி வந்தது. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு அரங்கம். அதில் நாம் பார்ப்பது அரை நிமிடத் துண்டு: மேசை உடைவது, கடைசி அடி, மணி ஓசை. பதினாலு நிமிடக் காத்திருப்பு வெட்டி எறியப்பட்டுவிட்டது. நம் பிள்ளைகளுக்கு, "பாரு, எங்க காலத்து டேக் டீம்" என்று நாம் காட்டுவதும் அந்தத் துண்டைத்தான். அணைக்கரையில் நானே என் மகனுக்குக் காட்டினேன். அவன், "அப்பா, இவங்க ரெண்டு பேரும் ஒரே செட்டா?" என்று கேட்டான். துண்டில் அது தெரியவில்லை.

இன்றைக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். ரிகிஷியை நினைவிருக்கிறதா? அவருடைய இரட்டைப் பிள்ளைகள்தான் உசோஸ். 2023 ஏப்ரல் 1 அன்று, ரெஸ்ஸில்மேனியாவின் முதல் இரவில், இறுதிப் போட்டியாக அவர்கள் கெவின் ஓவன்ஸ்–சாமி ஜெய்ன் ஜோடியோடு மோதினார்கள். டேக் டீம் பட்டத்துக்கான போட்டி ரெஸ்ஸில்மேனியாவின் இறுதிப் போட்டியாக அமைந்தது அதுவே முதல் முறை. கியூபெக் மாநிலத்தின் சின்னச் சின்ன அரங்குகளில் ஒன்றாக வளர்ந்து, பகைத்து, மறுபடி சேர்ந்த இரண்டு நண்பர்கள் வென்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று அவர்கள் ஹைதராபாத் கச்சிபௌலிக்கு வந்து, வீர், சாங்கா என்ற நம் நாட்டு ஜோடியோடு ஆடினார்கள். அன்று கடைசிச் சண்டையில் ஜான் சீனாவும் ஒரு ஜோடியில் ஒருவராகத்தான் நின்றார். நம்மில் யாரும் போகவில்லை. போயிருக்கலாம்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கோடை விடுமுறை விட்டதும், மே மாத முதல் சனிக்கிழமை சாயங்காலம், நாம் எல்லாரும் பிள்ளைகளோடு மலையேறுவோம். என் நண்பன் இப்போது வெள்ளிமலைப் பக்கம் சொந்த நிலத்தில் குச்சிக்கிழங்கும் சாமையும் போட்டிருக்கிறான். வீட்டுக்கு முன்னால் விசாலமான களம். வெள்ளை வேட்டி கட்டித் திரையாக்கலாம். படம் காட்டும் கருவிக்கு நான் பொறுப்பு. மூன்று போட்டிகள் மட்டும். முதலில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸும் மிட்நைட் எக்ஸ்பிரஸும். அடுத்தது 1990 சம்மர்ஸ்லாமில் ஹார்ட் ஃபவுண்டேஷனும் டெமாலிஷனும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மோதியது. டெமாலிஷனின் மூன்றாவது ஆள் மேடைக்கு அடியில் ஒளிந்திருப்பான், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். கடைசியாக, 2023இன் அந்த உசோஸ் சண்டை. அது நம் காலத்ததல்ல. பிள்ளைகளின் காலத்தது. அவர்கள் நமக்குப் பெயர் சொல்லட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை: ஓட்டிவிட்டுப் பார்ப்பது கிடையாது. சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் நெளிவார்கள். நெளியட்டும். மார்ட்டன் மூலையை நோக்கித் தவழத் தொடங்கும்போது நீங்கள் யாராவது ஒருவர் "கை குடுடா!" என்று கத்துங்கள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தூக்கி எறியும் அடிகளை யாரும் செய்து பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். அதற்கு என் நண்பனின் வலது தோளை அவர்களுக்குக் காட்டினால் போதும். எலும்பு ஒட்டிய இடம் இன்றும் சற்றுப் புடைத்திருக்கிறது.

இந்த யோசனையைச் சொல்லப் போன வாரம் அவனைக் கூப்பிட்டேன். எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டான். தெரியவில்லை, முப்பது பேர் இருக்கலாம் என்றேன். பலாப்பழம் நாலு அறுத்து வைக்கிறேன் என்றான். வீட்டுக்கு வழி கேட்டு யாரும் அலைய வேண்டாம் என்றும் சொன்னான்.

"பஸ்ஸு எத்தினி மணிக்கு வந்தாலும் பரவாயில்லடா. நான் வெள்ளிமலை ஸ்டாப்புலயே நிக்கிறேன்."

மலையில் ராத்திரி காற்று இருக்கும். பிள்ளைகளுக்குப் போர்வை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கச்சிராயபாளையத்திலிருந்து உங்களில் ஒருவன்